இது குடிநீர் அல்ல

போர்வெல் உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது. எங்கள் பக்கம் அடுப்பு பற்றவைத்த எவருக்கும் இது தெரியும். எத்தனை விசில் விட்டாலும் பருப்பு தனியாக, தண்ணீர் தனியாக நிற்கும். காவேரித் தண்ணீர் என்றால் மூன்றே விசிலில் குழைந்துவிடும். நீங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் என்று கேள்விப்பட்டேன் ஐயா. உங்களுக்கு இது புதிதாக இருக்கும் என்பதால் இதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

தாலுகா அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும் சாலையில் இருக்கும் எங்கள் குடியிருப்பின் நலச்சங்கச் செயலாளர். அந்தப் பதவிக்கு வேறு யாரும் போட்டியிடவில்லை. அதை மக்களின் நம்பிக்கை என்றே எடுத்துக்கொண்டேன்.

சென்ற கோடையில் காவேரிக் குழாய்த் தண்ணீர் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை என்று ஆனது. சங்கம் கூடி விதிகள் வகுத்தது. கூடியது ஏழு பேர், வகுத்தது நான். புல்தரைக்கும் பூச்செடிக்கும் குழாய்த் தண்ணீர் விடக் கூடாது. துணி அலசிய தண்ணீர் விடலாம். அதைத் தனி டிரம்மில் பிடித்து வைத்து, ‘இது குடிநீர் அல்ல’ என்று பலகை மாட்ட வேண்டும். ஆளுக்கொரு விதமாக எழுதிவிடக் கூடாதே என்று நாற்பத்திரண்டு தகரப் பலகைகளையும் நானே எழுதிக் கொடுத்தேன். எனக்கு எழுத்து நன்றாக வரும்.

என் மனைவி மலர்விழி வைத்திருந்த முல்லைக் கொடிக்கும் விதி பொருந்தும் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். இரண்டு பேர் துணி அலசிய தண்ணீர் கழிப்பறைக்கே சரியாக இருந்தது. இருபது நாளில் கொடி காய்ந்தது. காய்ந்த கொடியை அவள் அறுத்துச் சுருட்டி, நான் காப்பி குடிக்கும் நாற்காலிக்கு நேர் எதிரில் வைத்தாள், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு மதியழகன் போர் போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர். ஒரிசா வரை போய் ஆயிரம் அடி துளைத்து ஊராருக்குத் தண்ணீர் காட்டியவர். அவர் வீட்டு போரில் புழுதிதான் வந்தது. ஆனாலும் வாசலில் அவர் போட்டிருந்த கொரியன் புல் மட்டும் அந்த வெயிலிலும் பச்சைப் பசேலென்று இருந்தது. பாராட்ட வேண்டிய விஷயம்தான். குழாயில் தண்ணீர் வரும் நாளில் அவர் மோட்டார் வைத்து உறிஞ்சுவது தெருவுக்கே தெரியும். சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு நீல டிரம். டிரம்மில் என் பலகை.

ஆய்வுக்குப் போனேன்.

“வாங்கய்யா. துணி தொவச்ச தண்ணிதானுங்க. வேணும்னா மோந்து பாருங்க” என்றார்.

மோந்து பார்த்தேன். “சோப்பு வாசமே இல்லீங்களே.”

“நாங்க துணிய அவ்வளவு அழுக்குப் பண்றதில்லீங்கய்யா.”

கதவுக்குப் பின்னால் அவர் மனைவி கலைமணி சிரித்தது கேட்டது. ‘டிரம் உள்ளது. பலகை உள்ளது’ என்று பதிவேட்டில் குறித்துக்கொண்டு வந்தேன். அதற்குமேல் கேட்க விதியில் இடமில்லை. எழுதியவன் நான்தானே.

முப்பத்தொரு வருடத்தில் என் கைப்பட எழுதிய எந்தக் காகிதத்திலும் பொய் இருந்ததில்லை. இப்போது என் எழுத்திலேயே ஒரு பொய், தினமும் நான் பல் துலக்கும் இடத்திலிருந்து தெரிகிற மாதிரி தொங்கியது. என்ன செய்யலாம் என்று நிதானமாக யோசித்தேன். பலகையைக் கழற்றலாம், ஆனால் அது விதிமீறல். பலகை சொல்வதை உண்மையாக்கலாம். அதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை.

எருமப்பட்டியில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. வரப்பில் அடிக்க வாங்கிய களைக்கொல்லி அங்கே மிச்சம் இருந்தது. ஒரு வியாழக்கிழமை காலை, மதியழகன் குடும்பத்தோடு கெங்கவல்லிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, சுவருக்கு மேலே கையை நீட்டி டிரம்மின் மூடியைத் திறந்தேன். அதன் பிறகு பலகை பொய் சொல்லவில்லை. குளித்துவிட்டுச் சேலத்துக்குப் பஸ் ஏறினேன்.

சாயங்காலம் திரும்பியபோது மலர்விழி வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தாள். ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தாள். வீட்டில் களைக்கொல்லி ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டார். எங்கள் வீட்டில் புல்லே இல்லையே டாக்டர் என்றேன். அது உண்மை. நான்காம் நாள் அவளுக்குக் கொஞ்சம் பேச முடிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லவேளை, அன்னிக்கி நீங்க ஊட்டுல சாப்புடலீங்க” என்றாள். அவள் கடைசியாகத் தெளிவாகப் பேசியது அதுதான். ஆறாம் நாள் இறந்தாள்.

கல்யாண வீட்டிலிருந்து வந்த கையோடு மதியழகன் புல்லுக்குத் தண்ணீர் விட்டார். அதுவும் நாலைந்து நாளில் மஞ்சளாகிப் படுத்துவிட்டது. அந்த டிரம்மிலிருந்துதான் என் மனைவி சமையலுக்குத் தண்ணீர் எடுத்தாள் என்று கலைமணி அழுதுகொண்டே சொன்ன பிறகு, நீங்கள் அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனீர்கள். மருந்து வாங்கவே இல்லை என்று அவர் சத்தியம் செய்ததை யாரும் நம்பவில்லை. தண்ணீரைப் பற்றி ஊரறியப் பொய் சொன்னவராயிற்றே.

அவரை விடுவிக்க நான் வரவில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில், பலகைகளையெல்லாம் கழற்றிவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். “எவனும் மதிக்காத போர்டு எதுக்குங்க” என்றார் பொருளாளர் சின்னுசாமி. நாற்பத்திரண்டு பலகைகளில் முழு உண்மையைச் சொன்னது அந்த ஒன்றுதான். அது எங்காவது பதிவாக வேண்டும் என்றுதான் தாளும் பேனாவும் கேட்டேன்.

இன்னொன்றும் கேட்டீர்கள். என் மனைவி அங்கே தண்ணீர் எடுப்பது எனக்கு முன்பே தெரியுமா என்று. தெரியாது. விதியை எழுதியவனின் மனைவி அதை மீறுவாள் என்று நான் எப்படி நினைப்பேன்?

அந்த வாரம் பன்னிரண்டு நாள் கணக்கும் தவறி, கடைசியாகக் குழாயில் தண்ணீர் வந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. எங்கள் குடங்கள் ஒன்பதாம் நாளே காலி. அதன்பின் வீட்டில் இருந்தது சங்கத்து போரின் உப்புத் தண்ணீர்தான். அப்படியும் தினமும் சாம்பாரில் பருப்பு குழைந்திருந்தது. கடைக்காரர் நல்ல பருப்பாகக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் சுவரோரம் பேச்சுக் காதில் விழுந்தது.

“நாங்க இல்லீன்னாலும் மொண்டுக்கங்கக்கா. உங்க ஊட்டுக்காரரு போர்டப் படிச்சிட்டு வெலகிப் போற ஆளா நீங்க?” என்று கலைமணி கேட்டாள்.

“அவரு ரூலக் குடிச்சே தாகம் தீத்துக்குவாரு சாமி. எனக்குச் சோறாக்கத் தண்ணி வேணுமே” என்றாள் மலர்விழி.

இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். பெண்கள் எதையாவது பேசிச் சிரிப்பார்கள். நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்வதில்லை. அது அந்த வியாழக்கிழமைக்கு முந்தின நாள் என்பது தற்செயல்.

மறுநாள் காலை நான் சட்டை மாட்டும்போது குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. “பருப்பு வெந்திருச்சுங்க, சாப்புட்டுப் போங்க” என்றாள். சேலத்தில் வேலை இருக்கிறது, வெளியே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சேலத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன், எதையும் மறைப்பது என் வழக்கமல்ல. கல்யாணமான நாள்முதல் அவள் சமைத்து வைத்ததைச் சாப்பிடாமல் நான் கிளம்பியது அன்று ஒருநாள்தான்.

சேலம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஓர் ஓட்டலில் இட்லி சாப்பிட்டேன். சாம்பாரில் பருப்பு வேகாமல் முழுசாகக் கிடந்தது. அதைப் பார்த்தபின் நிம்மதியாக இன்னொரு கரண்டி கேட்டு ஊற்றிக்கொண்டேன்.