‘நேரலை’ எண்டு எழுதிவிடும்

— உனக்கென்ன விசரே மச்சாள்? நாங்கள் இஞ்சை வந்தது கம்பனியின்ரை புதுப் பெட்டி அறிமுகத்தை லைவ் குடுக்க. பழிவாங்க இல்லை.

— ரெண்டையும் ஒரே கமராவாலை செய்யலாம் தேனுஜன். நீ வயரைப் பிடி.

— பூரணம் பெரியம்மா லண்டனிலையிருந்து இப்பவே வந்து குந்தியிட்டா. ‘இண்டைக்கு ஆற்றை கலியாணம் தம்பி’ எண்டு கேட்டு எழுதியிருக்கிறா.

— செத்தவீடு எண்டு எழுதிவிடு.

— தக்சாயினி!

— பின்னை என்ன? என்ரை அப்பாவின்ரை செத்தவீட்டை உந்தக் கமராவாலைதானே லண்டனுக்கும் கனடாவுக்கும் காட்டினனீ. பூரணம் மாமி அங்கையிருந்து குளறினது இஞ்சை கேட்டுது. அண்டைக்கு உந்தக் கம்பனி முதலாளி ஜெயசுதன் எங்கை? வந்தவரே? கம்பனிப் பேரிலை ஒரு மலர்வளையம் வந்தது. அதுவும் ஓட்டோவிலை தனிய வந்தது.

— அவர் கோப்பாய் ஆள். கடற்கரைச் சனத்தோடை அவ்வளவு பழக்கமில்லை.

— கோப்பாயிலையிருந்து பருத்தித்துறைக்கு எத்தினை கட்டை? செத்தவீட்டுக்கு வர மனமில்லை, கடற்றொழிலாளர் சங்கத்துக்குக் கடிதம் எழுத மட்டும் மனம் இருந்தது. ‘தம்பிராசா என்பவர் கடலுக்குப் புறப்படும்போது பொத்தானை அமத்தவில்லை. அமத்தியிருந்தால், ஆபத்தில் கரைக்குச் சிக்னல் அனுப்பும் எமது பெட்டி அவரைக் காப்பாற்றியிருக்கும்.’ எனக்கு அந்தக் கடிதம் பாடம், மச்சான். நித்திரையிலை எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவன்.

— மெல்லமாக் கதை. மண்டபம் நிறையச் சனம்.

— அம்மா ரெண்டு வருசமாச் சந்தைப் பக்கம் போறேல்லை. போனால், ‘பொத்தான் அமத்த மறந்த மனுசன்ரை பெண்சாதி’ எண்டு காதுபடக் கதைக்கினம். நாப்பது வருசம் கடலுக்குப் போய்வந்த மனுசன். வள்ளத்திலை ஒரு கயிறு இடம் மாறிக் கிடந்தாலும் கண்டுபிடிக்கிற மனுசன். அவர் பொத்தானை மறப்பாரே?

— மாமா மறக்கமாட்டார். எனக்குத் தெரியும். ஆனால் சாட்சி வேணுமெல்லோ?

— சாட்சிக்கு எங்கை போறது? அந்தப் பெட்டி அப்பாவின்ரை கையிலை இருந்தது ஒரேயொரு நாள். தைப்பொங்கல் கழிஞ்சு நாலாம் நாள். காலமை கம்பனியிலையிருந்து கிருஷாந் வந்து வள்ளத்திலை பூட்டினவன். அப்பா போனார். பின்னேரம் காத்துக் கிளம்பிச்சுது. மூண்டாம் நாள் உடம்பு ஒதுங்கிச்சுது. கிருஷாந் ஒருத்தன்தான் பாத்தவன். அவன் டோகாவுக்குப் போய் ஃபோனை மாத்திப்போட்டான்.

— சரி, இப்ப என்ன செய்யப்போறாய்? வயரைக் கியரைப் பிடுங்கினால் எங்கடை பேரும் கெட்டுப்போம், சொல்லிப்போட்டன்.

— நான் ஒண்டும் பிடுங்கமாட்டன். அவர் நேரடியாக் காட்டட்டும். கடற்கரையிலை எங்கடை மற்றக் கமரா நிக்குது. வள்ளத்தைக் கவிட்டு அந்தப் பெட்டியைத் தண்ணியிலை போடட்டும். மேடைத் திரையிலை சிக்னல் வராது. அவர் நிண்டு முழுசுறதை உலகம் முழுக்கப் பாக்கவேணும். எனக்கு அது காணும்.

— சிக்னல் வந்தால்?

— வராது.

— இல்லை, வந்திட்டுதெண்டால்?

— வாயைக் கழுவு! அவர் வாறார்.

— நீ ஆரெண்டு அவருக்குத் தெரியாதே?

— அப்பாவையே தெரியாது. பிள்ளையைத் தெரியப்போகுதே? சத்தம் போடாதை… வாங்கோ ஜெயசுதன் அண்ணை.

— என்ன தங்கச்சி, எல்லாம் ஓகேயோ? நோ டென்ஷன். நாலு மணிக்கு ஷார்ப்பாத் தொடங்குவம்.

— கடற்கரைக் கமரா ரெடி அண்ணை. நீங்கள் மேடையிலை சொன்ன உடனை அங்கை மாத்திவிடுவன்.

— அதைத்தான் சொல்ல வந்தனான். கடற்கரைக் கமரா வேண்டாம். இந்தாரும், பென்டிரைவ். உதிலை ஒரு படம் கிடக்கு. ‘இப்ப கடலுக்குப் போவம்’ எண்டு நான் சொல்லேக்கை உதைப் போடும். மூலையிலை சிவப்பாலை ‘நேரலை’ எண்டு எழுதிவிடும். சிம்பிள்.

— அண்ணை, அது பொய்யெல்லோ?

— என்ன பொய்? கடலும் உண்மை, வள்ளமும் உண்மை, பெட்டியும் உண்மை. எடுத்த நேரம்தான் கொஞ்சம் முந்தி. பெரிய பெரிய கம்பனியளே இப்ப உப்பிடித்தான் செய்யினம். மேடையிலை நிண்டு ‘இதோ பாருங்கள்’ எண்டு தூக்கிக் காட்ட, சாமான் செத்துப்போய், உலகம் முழுக்கச் சிரிச்சது எத்தினையைப் பாத்திட்டம்! பத்து வருசம் பாடுபட்டுச் செய்த சாமானை ஒரு நிமிச வைஃபை விழுத்திப்போடும். எனக்கு அந்த விளையாட்டு வேண்டாம்.

— உங்கடை சாமான் விளையாட்டுச் சாமான் இல்லையே அண்ணை. சனம் உதை நம்பிக் கடலுக்குப் போகப்போகுது. விழுந்தால் இஞ்சை மேடையிலை விழட்டும். கடலிலை விழுறதைவிட அது நல்லமெல்லோ?

— நல்லாக் கதைக்கிறீர். மார்க்கெட்டிங்குக்கு வாருமன்.

— நான் பகிடிக்குச் சொல்லேல்லை. நாங்கள் செத்தவீடு காட்டுற ஆக்கள். ஆர் உண்மையா அழுகினம், ஆர் துவாயாலை வாயை மூடிக்கொண்டு நிக்கினம் எண்டு லண்டனிலை இருந்துகொண்டு கண்டுபிடிக்குதுகள். உங்கடை படத்தைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் செல்லும்? எப்ப எடுத்தது உது?

— ரெண்டு வருசம் இருக்கும். தை மாதமாக்கும். அப்ப மூண்டு வள்ளத்திலை பூட்டிப் பாத்தனாங்கள். எங்கடை லவீனா பழைய ஃபோல்டர் ஒண்டிலை கண்டெடுத்தவ. ஆரோ ஒரு ஐயா. பேர் தெரியாது. ஆனால் நல்ல முகவெட்டு, அசல் கடலோடி.

— தை மாதமோ?

— ஓம். ஏன், என்ன?

— ஒண்டுமில்லை. தையிலை வாடைக்காத்து, அண்ணை. எங்கடை கடல் பொங்கிக்கொண்டு நிக்கும். இப்ப தெற்கையிருந்து வாற சோழகக் காத்து. வெளியிலை போய்ப் பாருங்கோ, குளம் மாதிரிக் கிடக்கு. பருத்தித்துறையிலை பிறந்தது எங்கையிருந்து பாத்தாலும் ஒரு நொடியிலை சொல்லிப்போடும், உது இண்டையான் கடல் இல்லையெண்டு.

— உண்மையாவோ? அதை நான் யோசிக்கேல்லை… சரி, லவீனாவோடை ஒருக்காக் கதைச்சுப்போட்டு வாறன். நீர் படத்தைச் செக் பண்ணி வையும். சத்தத்தை எடுத்துப்போட்டு மியூசிக் போடும், காத்துதான் இரையும். பச்சை வெளிச்சம் எரிஞ்ச உடனை வெட்டும். நோ டென்ஷன்.

— போயிட்டார். மச்சாள், ஆளைக் கலக்கிப்போட்டாய்! உண்மையா நேரடியாப் போடப்போறார் போலை கிடக்கு.

— அந்தப் படத்தைப் போடு.

— சத்தம்?

— வேண்டாம். மேடையிலை தேவாரம் படிக்கினம், ஸ்பீக்கருக்குப் போயிடும். சின்னத் திரையிலை படத்தை மட்டும் விடு.

— கடல்தான். நீ சொன்னமாதிரிப் பொங்குது. வள்ளம் ஒண்டு கரையிலை நிக்குது. ஒரு ஐயா அங்காலை பாத்துக்கொண்டு… தலையிலை சிவப்புத் துவாய்…

— நிப்பாட்டு.

— என்ன மச்சாள்?

— அந்தத் துவாய் நான் நெல்லியடியிலை வாங்கிக் குடுத்தது. அதோடைதான் ஒதுங்கினவர்.

— எத்தினையோ பேர் சிவப்புத் துவாய்…

— இனி விடு.

— திரும்புறார்… ஐயோ. மாமா!

— கையைப் பார். முகத்தைப் பாராதை, கையைப் பார் தேனுஜன்!

— அமத்துறார். பெட்டியிலை பச்சை எரியுது. வடிவாத் தெரியுது, மச்சாள். மாமா அமத்தினவர். அந்த ஒரு நாள்தானே பெட்டி அவரிட்டை இருந்தது. உது அந்த நாள்தான்.

— அமத்தினவர். என்ரை அப்பா அமத்தினவர்.

— அழாதை.

— அழேல்லை. எனக்குச் சந்தோசமடா. ரெண்டு வருசமா உவரின்ரை கம்பனிக்குள்ளையே கிடந்திருக்கு. திறந்து பாக்கக்கூட ஒருத்தருக்கும் மனமில்லை. செத்தவீட்டுக்கு ஒருக்கா வந்து அப்பாவின்ரை படத்துக்கு முன்னாலை நிண்டிருந்தால், இண்டைக்கு இதைக் கொண்டுவந்து என்ரை கையிலை தருவாரே?

— மிச்சம் ஒரு நிமிசம் மட்டிலை கிடக்கு. மாமா கமராக்காரனோடை ஏதோ கதைக்கிறார். வாய் அசையுது.

— பேந்து பாப்பம். ஒரு கொப்பி எடு.

— எடுத்தாச்சு. நாங்களே இப்ப போட்டிடுவமே? முகநூலிலை, உன்ரை பேரிலை?

— நான் போட்டால், மகள் ஏதோ வெட்டி ஒட்டினவ எண்டுவினம். அவர் போடவேணும். சங்கத் தலைவர் பொன்னம்பலம் முன் கதிரையிலை இருக்கிறார். அவற்றை முகத்துக்கு முன்னாலை, உவர் தன்ரை வாயாலை ‘போடும்’ எண்டு சொல்லிப் போடவேணும்.

— உவர்தான் இப்ப மனம் மாறி வாறாரே! பார், சிரிச்சுக்கொண்டு வாறார்.

— தங்கச்சி! லவீனாவும் நீர் சொன்னதைத்தான் சொல்லுறா. காத்துக் கதையைக் கேட்டுப் பயந்துபோனா. படத்தை விடும். நேரடியாவே கடற்கரைக்குப் போவம். துணிஞ்சிட்டன்.

— ஐயோ அண்ணை, வேண்டாம்.

— என்னது? இப்ப நீர்தானே…

— நான் படம் பாக்கமுன்னம் சொன்னது. என்ன அருமையான படம்! அந்த ஐயாவின்ரை கை, பொத்தான், பச்சை வெளிச்சம், ஒவ்வொண்டும் பளிச்செண்டு தெரியுது. கடற்கரைக் கமராவிலை வெயில் நேர அடிக்குது. பச்சை எரிஞ்சாலும் ஒருத்தருக்கும் தெரியாது.

— ஆனால் வாடை, சோழகம் எண்டெல்லாம் சொன்னீரே?

— ஆருக்கு அண்ணை இப்ப காத்துத் தெரியும்? லண்டனுக்குப் போனதுகள் கடலை மறந்து எவ்வளவு காலம்! ஃபோனைச் சமையல்கட்டிலை சாத்தி வைச்சுப்போட்டு வெங்காயம் உரிச்சுக்கொண்டு பாக்குங்கள். நீங்கள் சொன்னதுதான் சரி. ஒரு நிமிச வைஃபை எல்லாத்தையும் விழுத்திப்போடும். தேனுஜன், காலமை கடற்கரையிலை லைன் எத்தினை தரம் அறுந்தது?

— எ… என்னைக் கேக்கிறியே? அது… மூண்டு தரம் அண்ணை. நாலு தரம்.

— நாலு தரமோ! சரி சரி, படத்தையே போடுவம். எங்கையடா மாட்டியிருப்பன்! நல்ல காலம் நீர் நிக்கிறீர்.

— ஒண்டு அண்ணை. படம் ஓடேக்கை நீங்கள் சும்மா நிண்டால் சனம் சந்தேகப்படும். நீங்களும் சேர்ந்து சொல்லுங்கோ. ‘ஐயா பொத்தானை அமத்தியிட்டார், பச்சை எரியுது, எல்லாரும் பாருங்கோ’ எண்டு. பொன்னம்பலம் ஐயாவைப் பாத்துச் சொன்னால் இன்னும் நல்லம். சங்கம் முழுக்க அவற்றை சொல்லிலைதானே.

— சூப்பர் ஐடியா! உம்மை நான் விடமாட்டன், இனி எங்கடை எல்லா லைவும் நீர்தான். நோ டென்ஷன் என்ன? மேடைக்குப் போறன்.

— மச்சாள், படம் ரெடி. சத்தத்தை அடைச்சு வைச்சிருக்கிறன்.

— சரி. இப்ப எத்தினை பேர் பாக்கினம்?

— நாலாயிரம் தாண்டியிட்டுது. தொடங்கிறார்.

— வணக்கம்! மண்டபத்திலை இருக்கிற பெரியோரே, உலகம் முழுக்க இருந்து பாக்கிற எங்கடை சனமே! எங்கடை பெட்டியிலை ஒளிப்பு மறைப்பு இல்லை. அதாலைதான் நேரடியாக் காட்டுறம். இப்ப கடலுக்குப் போவம். போடும் தங்கச்சி!

— கேட்டியே? போடச் சொல்லுறார். போடு மச்சான்.

— பாருங்கோ, பொன்னம்பலம் ஐயா, நல்லாப் பாருங்கோ! எங்கடை கடற்றொழிலாளர் ஐயா பொத்தானை அமத்தியிட்டார். பச்சை எரியுது. எல்லாரும் சாட்சி!

— மச்சாள், பூரணம் பெரியம்மா எழுதிறா. ‘ஐயோ, உது எங்கடை தம்பிராசா அண்ணையெல்லோ! அமத்தினவரெல்லோ!’ அதுக்குக் கீழை பத்து, இருவது பேர் எழுதுகினம். பொன்னம்பலம் ஐயா கதிரையை விட்டு எழும்பியிட்டார். ஜெயசுதன் அண்ணை கை காட்டுறார், வெட்டட்டாம்.

— வெட்டாதை. சத்தத்தைக் கூட்டு.

— மண்டபத்துக்கும் போகும், மச்சாள். லண்டனுக்கும் போகும்.

— போகட்டும். அப்பாவின்ரை குரலைக் கேட்டு ரெண்டு வருசமடா. ஒருக்காக் கேக்கவேணும். கூட்டு!

— தம்பி, உதிலை பச்சை எரியுது. உங்கடை பக்கம் சரியோ? நான் வெளிக்கிடட்டோ?

— கொஞ்சம் பொறுங்கோ தம்பிராசா ஐயா, ஃபோனிலை அவரிட்டைக் கேட்டுச் சொல்லுறன். அண்ணை, கிருஷாந் கதைக்கிறன். ஸ்பீக்கரிலை போட்டிருக்கிறன். பச்சை எரியுது, ஆனால் சிக்னல் கரைக்கு வரவே இல்லை. ஐயாவை மறிக்கட்டோ?

— நோ டென்ஷன் கிருஷாந். படம் வடிவா வந்தால் காணும். ஐயாவைக் கடலுக்கு விடும்.