தாம்பரத்தில் காத்திருந்த சால்வை

செவ்வாய்க்கிழமை காலை, தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்ரயிலில் எழுதிய குறிப்பு இது. எதிர் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் அவள் மகள்.

“எங்க காலனி பெருசுங்க ஒரு டாக்குமென்டரி பாத்தாங்கக்கா. வெளிநாட்டு ஏர்போர்ட்ல வயசானவங்க நின்னு, வீட்டுக்குத் திரும்புற சோல்ஜருங்களுக்குக் கைகொடுக்கிறாங்களாம். ஒரே அழுகை.”

“நல்ல விஷயம்தானே?”

“உடனே கமிட்டி போட்டாங்க. இன்னிக்கு எங்க வீட்டுக்காரர் ஆர்மிலேர்ந்து லீவுல வர்றாருல்ல, தாம்பரம் ஸ்டேஷன்ல சால்வை, பேனரோட நிக்கிறாங்க. பேனர்ல கமிட்டி மொத்தமும் சிரிக்குது. அவர் போட்டோவுக்குத்தான் இடமில்லையாம்.”

“பேராச்சும் இருக்கா?”

“‘ராணுவ வீரரே வருக’. அடுத்த ஆளுக்கும் அதே பேனர் ஆகும்ல!”

“நீயும் பாப்பாவும்?”

“அவங்க போட்டோ எடுத்து முடிக்கிறவரைக்கும் ஓரமா நிக்கணுமாம். ஒரு வருஷமா அப்பாவைப் பாக்காத புள்ளைக்கா இது. அதான் அவரை எழும்பூர்லயே இறங்கச் சொல்லிட்டேன்.”

“அடிப்பாவி! அவங்ககிட்ட சொல்லலையா?”

“எதுக்கு? மீசையோட யார் இறங்கினாலும் அவங்களுக்குப் போதும்.”

எழும்பூரில் சிறுமிதான் முதலில் இறங்கி ஓடினாள். தாம்பரத்தில் அந்தச் சால்வை யார் தோளில் விழுந்தது என்பதை இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.