ஐந்தாவது இலை

ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் எனக்குச் சோறு இறங்காது, ஐயா. வீட்டிலும் அப்படித்தான். அவள் குளித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டேன் என்று மனைவி மூன்று நாள் பேசவில்லை.

நான் பராமரிப்பு மேலாளராக இருக்கும் கட்டடத்தின் வாசலில் ஒரு பித்தளைப் பட்டயம் இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். அதில் பொறித்திருப்பவை சுற்றுச்சூழலுக்குத் தோதான கட்டடங்களுக்குத் தரும் இலைகள். மின்சாரம், தண்ணீர், காற்று எல்லாவற்றையும் அளந்து பார்த்துத் தருவார்கள். எங்களுக்கு நாலு. எதிர்க் கட்டடத்துக்கு ஐந்து. அதன் மேலாளர் என் சகலை. மாமியார் வீட்டுக்குள் நான் செருப்பைக் கழற்றும்போதே, "வாங்க நாலு இலை" என்பார். சின்னப் பிள்ளைகள்கூட அப்படியே கூப்பிடப் பழகிவிட்டன.

மின்சாரத்தைக் குறைத்தால் ஐந்தாவது வந்துவிடும். முதலில் லிஃப்ட் ஒன்றை நிறுத்தினேன். நடப்பது உடம்புக்கு நல்லதுதானே. பிறகு, மாடிகளுக்கு வெளிக்காற்றைத் தள்ளும் இயந்திரத்தை நிறுத்தினேன். அதற்குப் பிறகு ஊழியர்கள் மத்தியானத்தில் சொக்கி விழுந்தார்கள். புகார்களும் குறைந்தன. தூங்குகிற பிள்ளை அழாது. காற்றை அளக்கும் கருவியை மட்டும் என் அறை ஜன்னலோரம் மாட்டிவைத்தேன். அந்தக் கட்டடத்திலேயே திறக்கிற ஜன்னல் அது ஒன்றுதான்.

கடைசியாக பேஸ்மென்ட். அங்கே வண்டிப் புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் ஃபேன்கள் யானைத்தீனி தின்பவை. அவற்றையும் நிறுத்தினேன். டிரைவர்கள் தலைவலி என்றார்கள். கல் நெஞ்சக்காரன் இல்லை நான். மாத்திரை வாங்கிக் கொடுத்தேன்.

மதிப்பீட்டுக்கு வந்த அம்மா ஒரு இன்ஜினியர். கையில் எப்போதும் டார்ச் இருக்கும், அதனால் எங்கள் வட்டாரத்தில் டார்ச்சம்மா. நாற்காலி போட்டால் உட்கார மாட்டார், காபி கொடுத்தால் ஆறவிட்டுவிடுவார். மாடி மாடியாக ஏறி இறங்கிவிட்டு, ஊழியர்கள் கிளம்பிய பிறகு, பேஸ்மென்ட்டைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப் போனேன்.

ஒரு மூலையில் கம்பெனி வேன் உறுமிக்கொண்டிருந்தது. அதன் டிரைவர் ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளே தூங்குவார். அது அவர் வழக்கம், எனக்குத் தெரியும். டார்ச்சம்மா மேலே வெளிச்சம் அடித்து, ஓடாத ஃபேன்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"காத்து அளக்கிற மெஷினு உங்க ரூம்ல ஏன் இருக்கு?"

எனக்குப் பிடித்த காற்று என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"மன்னிச்சுக்கங்க சார். இருக்கிற நாலையும் கழட்ட வேண்டியிருக்கும். முதல்ல அந்த ஃபேனப் போடுங்க."

"இதோ போடறேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் படியேறினேன். படிக்கு மேலே இருக்கும் கதவைச் சாத்தித் தாழிட்டேன். வண்டி வெளியேறும் ஷட்டரின் பொத்தான் என் அறையில் இருக்கிறது, அதையும் இறக்கினேன். ஃபேன் சுவிட்சில் கை வைத்தேன். வருட மின்சாரக் கணக்கு அன்றோடு முடிகிறது, ஐயா. மயிரிழையில் நிற்கிறோம். வருடமெல்லாம் வயிற்றைக் கட்டிவிட்டு, கடைசிப் பந்தியில் போய் யாராவது உட்காருவார்களா? கையை எடுத்துவிட்டேன்.

பேஸ்மென்ட்டுக்கு லிஃப்ட்டும் கிடையாது, போன் சிக்னலும் கிடையாது. கொஞ்ச நேரம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. மரியாதையாகத்தான் தட்டினார். அப்புறம் அவ்வளவு மரியாதையாக இல்லை. அப்புறம் நின்றுவிட்டது. நான் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் முதல் ஆளாக வந்து தாழை எடுத்தேன். வேன் டிரைவர் சீட்டிலேயே இருந்தார். டார்ச்சம்மா கதவை ஒட்டி. டார்ச் அணைந்திருந்தது. கதவு இறுகிக்கொண்டது, ஃபேன் பழுது என்று உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் எழுதிக்கொண்டு போனார்கள்.

அவருக்குப் பதிலாக வந்தவர் நல்ல மனிதர். என் அறையை விட்டு எழுந்திருக்கவேயில்லை. காபி குடித்தார், ஜன்னலோரம் மூச்சை இழுத்து, "காத்து பிரமாதம்" என்றார். ஐந்தாவது இலை வந்துவிட்டது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் போன வாரம் மாமியார் வீட்டில், எல்லோரும் கேட்கும்படி சகலை சொன்னார்: "ஒரு ஃபேனக்கூட ஒழுங்கா வச்சுக்கத் தெரியல, இவருக்கு அஞ்சு இலையாம்."

அந்தச் சொல்தான் என்னை இங்கே இழுத்து வந்தது. தயவுசெய்து திருத்தி எழுதுங்கள். ஃபேன் பழுதில்லை, மாதாமாதம் எண்ணெய் போட்டிருக்கிறேன். நிறுத்தியது நான். தாழ்ப்பாள் இறுகவில்லை, போட்டது நான். உள்ளே இரண்டு உயிர் இருப்பது தெரிந்தே வீட்டுக்குப் போனேன். இதையெல்லாம் நானாகவே வந்து சொல்லியிருக்கிறேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளைக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்குச் சுத்தமான காற்று மிஞ்ச வேண்டும் என்று இந்த ஊரில் என்னளவு கவலைப்பட்டவன் வேறு யார் இருக்கிறான், சொல்லுங்கள்.