பொதுச் சுவரில் இரண்டு ஸ்பீக்கர்

"இந்த ஸ்பீக்கர் வெக்கணும்னா என் தம்பிகிட்ட பேசியாவணும் மச்சான்."

செங்கல்பட்டில் கிளம்பிய மின்சார ரயிலில், என் எதிரே ஹோம் தியேட்டர் கேட்டலாக்கை மடியில் விரித்திருந்தவர் சொன்னார்.

"அவன்கிட்ட இன்னாத்துக்கு?" என்றார் பக்கத்திலிருந்த நண்பர்.

"பின்பக்க ஸ்பீக்கர் ரெண்டும் செவுத்துக்குள்ள பதிக்கறது. அந்தச் செவுரு அவன் வூட்டுக்கும் பொதுவாச்சே. கேக்காம ஒடச்சா நல்லாவா இருக்கும்?"

"பாகம் பிரிச்சதுலேர்ந்து அஞ்சு வருஷமா நீங்க ரெண்டு பேரும் பேசறதே இல்லியே!"

"ஆமா."

"அப்ப ஸ்டாண்டுல நிக்கற ஸ்பீக்கர் கீதே, அத்த வாங்கு. செவுத்தையே தொட வேணாம்."

சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன் வந்தபோது அவர் கேட்டலாக்கை மடித்தார்.

"கடைக்காரரும் அதான் சொன்னாரு. நான்தான் செவுத்துக்குள்ளயே வேணும்னுட்டேன்."