பச்சைக் குஞ்சம்

– ஒரு வார்த்தை மாறாமச் சொல்லட்டுமா? ‘பெரியவர்கிட்ட சொல்லிட்டியா?’ன்னு அந்தக் குரல் கேக்குது. ‘இன்னும் இல்ல’ங்கிற நீ. ‘எப்பதான் சொல்லப் போற?’ ‘வியாழக்கிழமை. தாத்தியோவுல. அங்க வரைக்கும் வண்டியில கூட்டிட்டு வந்துட்டா அப்புறம் அவரால எறங்கி ஓட முடியாது.’ அப்புறம் ரெண்டு பேரும் சிரிச்சீங்க. அந்தச் சிரிப்பு வரைக்கும் காதுல விழுந்துச்சு, சபினா.

– மாமா... ஜன்னலை ஏத்துங்க. புழுதி வருது.

– இன்னிக்கு என்ன கெழமை?

– ...வியாழன்.

– எங்க போறோம்?

– தாத்தியோவுக்கு. உங்க முட்டி வலிக்குத்தான். வெந்நீர் ஊத்துல கொஞ்ச நேரம் கால நீட்டி உக்காந்தா...

– பெரியவர்னா யாரு? ஊர்ல என்னை விட்டா வேற பெரியவரே கெடையாது. மத்தவன் எல்லாம் கலாமா டவுனுக்குப் போயிட்டான். இல்லாட்டி கல்லறைக்குப் போயிட்டான்.

– மருமக போன் பேசுறதை ஒட்டுக் கேக்குறது நல்லாவா இருக்கு?

– நான் எங்க ஒட்டுக் கேட்டேன்? சிக்னல் கெடைக்கிறது அந்த ஒரே மேட்டுல. நான் வெயில் காயுறதும் அதே மேட்டுல. காத்துல கேக்கலைன்னு நீதான் ஸ்பீக்கர்ல போட்ட. ஆம்பளைக் குரல்.

– கம்பளி வியாபாரி.

– கம்பளி வெட்டி, வித்து, எல்லாம் முடிஞ்சாச்சு. இப்ப அவனுக்கு என்கிட்ட சொல்ல என்ன இருக்கு?

– வெலை எறங்கிடுச்சாம். உங்க நெஞ்சு தாங்காதுன்னு...

– ஓகோ. என் நெஞ்சுக்காகத்தான் சிரிச்சீங்களா?

– கோக்கா இலை போட்டுக்கோங்க மாமா. மேல ஏற ஏறத் தலை சுத்தும்.

– என் தலை இந்த மலையிலதான் பொறந்துச்சு. பேச்சை மாத்தாத. முட்டியை நனைக்கிறதுக்கு எதுக்கு என் கறுப்புத் தொப்பி? திருவிழாக் கோட்டு எதுக்கு? பின்னாடி மூட்டையில இருக்கு, பாத்தேன்.

– மேல குளிரும்.

– குளிருக்குப் போர்வை. கோட்டு எதுக்கு? மருந்து டப்பா வேற எடுத்து வச்சிருக்க. ஒரு நாள் குளியலுக்கு முழு டப்பா!

– நீங்க மொதல்ல அந்தப் பையில என்ன இருக்குன்னு சொல்லுங்க. கெளம்பினதுலேருந்து கோழிக்குஞ்சு மாதிரி மடியில வச்சிருக்கீங்க.

– உப்புக்கண்டம்.

– உப்புக்கண்டம் என் கூடையில இருக்கு. குடுங்க, பாக்குறேன்.

– கையை எடு! ஸ்டியரிங்கப் புடி. அங்க பாரு, காட்டு லாமா, குவானாக்கோ ஒண்ணு குறுக்க நிக்குது.

– அது பாறை மாமா.

– பாறையா... போன தடவை அங்க இல்லையே.

– போன தடவை உங்களுக்குக் கண்ணு நல்லா இருந்துச்சு. பேச்சை யாரு மாத்துறா இப்போ? கம்பளி வெட்டின சமயத்துலேருந்து அந்தப் பையைத் தலைமாட்டுல வச்சுத் தூங்குறீங்க. நான் உள்ள வந்தா மூடுறீங்க. டாக்டர் சாராயத்தைத் தொடவே கூடாதுன்னாரு. அது பாட்டில்னா ஜன்னல் வழியா வீசிடுவேன்.

– வீசு. எல்லாத்தையும் வீசிடு. கெழவனையும் சேத்து வீசிடு.

– யாரு உங்களை வீசப் போறாங்க?

– பச்சைக் குஞ்சம்.

– ...என்ன?

– பட்டியில இளசு லாமாவுங்க காதுல பச்சைக் கம்பளிக் குஞ்சம். நம்ம வீட்டுக் கலரு என்ன? சிவப்பும் மஞ்சளும். எங்கப்பன் காலத்துலேருந்து நம்ம லாமா காதுல அதைத்தான் கட்டுறோம். பச்சை யாரோடது?

– கிட்டப் போய்ப் பாத்தீங்களா?

– இந்த முட்டிய வச்சுக்கிட்டா? வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தேன். காது தெரியுதோ இல்லையோ, கலரு தெரியும். வித்துட்ட. வாங்கினவன் அவன் கலரைக் கட்டி வச்சிருக்கான். ஓட்டிட்டுப் போறதுதான் பாக்கி.

– பாதையைப் பாக்குறேன். மாமா... இந்தக் கல்குவியல்...

– என்ன கல்குவியல்?

– காலையில இங்கதான நிறுத்தினோம்?

– எல்லாக் கணவாயிலயும் கல்குவியல் இருக்கும். போற வர்றவன் எல்லாம் ஒண்ணு வச்சுட்டுத்தான போறான்.

– எல்லாத்து உச்சியிலயும் நான் வச்ச வெள்ளைக் கல்லு இருக்குமா? அதுக்கு அடியில நான் பூமித்தாய்க்கு வச்ச கோக்கா இலை... பாருங்க, காத்து இன்னும் கொண்டு போகல.

– உன் கல்லுன்னு அதுல பேரு எழுதியிருக்கா?

– காலையில புத்தானா மலை வலது கைப் பக்கம் புகைஞ்சுட்டு இருந்துச்சு. இப்பவும் அதே எடத்துலதான் புகையுது. ‘உப்பு ஏரி பக்கமாத் திரும்பு, குறுக்கு வழி’ன்னு சொன்னது யாரு?

– ...மலை நகந்திருக்கும்.

– மாமா!

– நெருப்பு மலைம்மா. அதுக்கு எப்ப என்ன தோணும்னு யாரு கண்டா?

– வண்டிய நிறுத்திட்டேன். சொன்னாத்தான் எடுப்பேன். வேணும்னே சுத்த விட்டீங்களா?

– பெட்ரோல் எவ்வளவு இருக்கு?

– தாத்தியோவுக்குப் போய்ட்டு வீட்டுக்குத் திரும்புற அளவுக்கு.

– கலாமாவுக்கு?

– கலாமாவுக்கு எதுக்கு?

– தாத்தியோ தாண்டினா கலாமாவுக்கு ஒரு ரோடு பிரியுது. எனக்குத் தெரியாதா? அங்க ஐரிஸ் வீடு. என் பொண்ணுதான், இல்லேங்கல. ஆனா அவ இருக்குறது மூணாவது மாடி. ஜன்னலைத் தொறந்தா எதுத்த வீட்டுச் சுவரு. போன தடவை என்னைக் கட்டில்ல உக்கார வச்சு டிவியைப் போட்டு விட்டுட்டு வேலைக்குப் போயிட்டா. சாயங்காலம் வரைக்கும் யாரோ சமைக்கிறதையே பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

– அதுக்கும் இதுக்கும்...

– அங்க கொண்டு போய் என்னை விட்டுட்டு, லாமாவ வித்துட்டு, நீ அந்தக் குரலோட போயிடுவ. நேத்து ஐரிஸோட பேசினியா இல்லையா?

– பேசினேன்.

– பாத்தியா!

– உங்க கோட்டுக்குப் பித்தான் எங்க கெடைக்கும்னு கேட்டேன்!

– நம்பிட்டேன். பெட்ரோலைச் சுத்திச் சுத்தியே தீத்துட்டா கலாமா வரைக்கும் போக முடியாதுல்ல? அதான்.

– மாமா... இந்த உசரத்துல, ஒரு ஈ காக்கா இல்லாத எடத்துல பெட்ரோலைத் தீத்துட்டு என்ன பண்றதா இருந்தீங்க? பொழுது எறங்கினா உறைஞ்சு போயிடுவோம். ரெண்டு பேரும். உங்க பையன் மாதிரியே. ரூபெனை இப்படித்தான தூக்கிட்டு வந்தாங்க? வெள்ளைக் காத்து, அந்தப் பனிப்புயல் அடிச்ச மறுநாள்.

– அதை... அதை நெனைக்கல. தப்புதான். ஓட்டு. நேரா வடக்க. இனிமே வாயத் தொறக்க மாட்டேன்.

– தொறங்க. நீங்க பேசாம வந்தீங்கன்னா இன்னும் பயமா இருக்கு. இந்தாங்க, சொபாய்பியா ரொட்டி, காலையில பொரிச்சது. ஆறிப் போச்சு.

– மெளகாச் சட்னி?

– மூடியில இருக்கு. ...மாமா, நானும் ஒண்ணு நெனச்சேன்.

– என்ன?

– அந்தப் பையில பாட்டில் இல்லேன்னா வீட்டுப் பத்திரம்னு நெனச்சேன். ரூபென் போயாச்சு, கொழந்தையும் இல்ல, இவளை எந்த ஒறவுன்னு இன்னும் வச்சுக்குறதுன்னு ஐரிஸ் சொல்லியிருப்பா. நீங்களும் எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிக்கிறீங்கன்னு.

– நானா? உன்னையா?

– பின்ன, ஒரு மாசமா என் முகத்தைப் பாத்துப் பேசுறதே இல்ல. பாத்தாலும் திருடனப் பாக்குற மாதிரி பாக்குறீங்க.

– கண்ணு மங்கலுன்னு நீதான சொன்ன!

– சிரிக்காதீங்க. வாசனை வந்துடுச்சு பாருங்க. கந்தக வாசனை.

– அதோ, ஆவி. இன்னும் அடங்கல. டூரிஸ்ட் வண்டியெல்லாம் போயிட்டாப்ல இருக்கு.

– நல்லவேளை. நீங்க விட்ட சுத்துல எல்லாம் அடங்கியிருக்கும்னு நெனச்சேன். பாத்து எறங்குங்க. அந்தக் கல்லு வரிசைக்கு அந்தப் பக்கம் தரை மெல்லிசு.

– எனக்கே சொல்றியா? இந்தக் குழிங்கள்ல முட்டை வேக வச்சுத் தின்னவன் நான். ...அங்க நிக்குற நீல வண்டி யாரோடது?

– அது பாறை மாமா.

– பாறைக்கு டயர் இருக்கு. பாறை பக்கத்துல ஒரு ஆளு நிக்கிறான். தொப்பியைக் கழட்டிக் கையில வச்சிருக்கான்.

– கோட்டைப் போட்டுக்கோங்க.

– மாட்டேன். கம்பளி வியாபாரிக்கு முன்னாடி எனக்கு எதுக்குக் கோட்டு?

– இப்படி உக்காருங்க. சொல்லிடுறேன். எனக்கு அப்பா கெடையாது. அண்ணன் தம்பி கெடையாது. ரூபெனுக்காக நீங்க பொண்ணு கேட்டு வந்தப்போ...

– சபினா...

– குறுக்க பேசாதீங்க, விட்டா மறந்துடுவேன். அன்னிக்குத் துணியை விரிச்சு கோக்கா வச்சது நீங்க. என் பக்கம் உக்காந்து வாங்க ஆள் இல்லாம பள்ளிக்கூட டீச்சரக் கூட்டிட்டு வந்தோம். அவரு இருமி இருமியே சம்மதம் சொன்னாரு. இன்னிக்கு அந்த ஆளு என்னைக் கேட்டு கோக்கா வைக்கப் போறாரு. வாங்குற பக்கம் எனக்காக நீங்க உக்காரணும் மாமா. வீட்டுல கேட்டிருந்தா மேய்ச்சலுக்குப் போறேன்னு நழுவியிருப்பீங்க. அதான் இங்க. இங்கேருந்து நடந்து போக முடியாதுல்ல.

– அவன் பேரு காசிமிரோ.

– உங்களுக்கு எப்படித்...

– இந்தா பை. தொறந்து பாரு.

– பாட்டில் இல்ல... கோக்கா. இந்தத் துணி... இது அவங்க வீட்டுத் துணி! இது எப்படி உங்ககிட்ட?

– கம்பளி வெட்டுற சமயத்துல மேய்ச்சலுக்கே வந்தான். என் முன்னாடி விரிச்சு வச்சுட்டு இதே மாதிரி தொப்பியைக் கையில வச்சுட்டு நின்னான்.

– என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அந்த மனுஷன்!

– நான்தான் சொல்லக் கூடாதுன்னேன். ‘அவளே வந்து எங்கிட்ட சொல்லட்டும்’னேன். இன்னும் என்னமோ சொல்ல வாயெடுத்தான். ‘போடா’ன்னுட்டேன்.

– அதான் ‘சொல்லிட்டியா, சொல்லிட்டியா’ன்னு என் உசிர எடுத்தாரா! இருக்கட்டும், இருக்கு அவருக்கு... மாமா, எல்லா இலையும் அப்படியே காஞ்சு கெடக்கு. ஒண்ணு கூட மெல்லலியா?

– மென்னா சம்மதம்னு ஆயிடும்.

– திருப்பியும் குடுக்கலியே?

– குடுத்தா வேணாம்னு ஆயிடும்.

– அப்போ இத்தனை நாளும் தலைமாட்டுல வச்சுக்கிட்டு...

– யோசிச்சேன். நல்லவன்தான். பல்லு கொஞ்சம் தூக்கல், அது உன் பாடு. ஆனா அவன் ஊரு மலைக்கு அந்தப் பக்கம். கட்டிக்கிட்டா நீ அங்கதான போகணும்... நீ போயிட்டா நாய் சாப்பிடாது.

– நாய் எலியப் புடிச்சுத் தின்னுக்கும்.

– கூரை ஒழுகும்.

– மழையே பெய்யாத ஊருல கூரை எப்படி மாமா ஒழுகும்?

– பெய்யுறப்போ ஒழுகும்! ...டீ போட ஆளு இருக்காது.

– டீ நீங்கதான போடுறீங்க? தினமும் எனக்கும் சேத்து.

– அதத்தான் சொல்றேன். ரெண்டு கப்பு எடுத்து வச்சுப் பழகிடுச்சு.

– ...கண்ணைத் தொடைங்க.

– ஆவி பட்டுடுச்சு.

– காத்து அந்தப் பக்கம் அடிக்குது மாமா.

– தாத்தியோன்னா என்ன அர்த்தம்? அழுவுற தாத்தான்னுதான நம்ம ஆளுங்க சொல்றாங்க. எடத்துக்குத் தகுந்த மாதிரி ஒரு கெழவன் நடந்துக்கிட்டா உனக்கு என்ன? கேளு... ரூபெனைப் பொதைச்சுட்டு வந்த அன்னிக்கே கேக்கணும்னு இருந்தேன். சின்னப் பொண்ணு, அவளுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கு, எந்த வாயால கேக்குறதுன்னு தொண்டையிலேயே நின்னுடுச்சு. நாலு வருஷமா அங்கயே நிக்குது. இப்ப கேட்டுடுறேன். அவனைக் கட்டிக்க. கோக்காவ வாங்குறேன், கோட்டு போட்டுக்கிட்டே வாங்குறேன். ஆனா போகாத சபினா. எங்கயும் போகாதம்மா.

– அதுக்குத்தான மாமா அந்தப் பச்சைக் குஞ்சம்! கிட்டப் போய் மூஞ்சியப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும், அதுங்க நம்ம பட்டியில பொறந்ததே இல்லன்னு. அவரோட மந்தை. அடுத்த மாசத்துக்குள்ள மிச்சத்தையும் ஓட்டிக்கிட்டு அவரே நம்ம வீட்டுக்கு வந்துடுறேன்னாரு. நான் எதையும் விக்கல மாமா... அதெல்லாம் போற லாமா இல்ல. வந்த லாமா.