வளைவில் சுற்றிய மாவளி

கரண்ட் வரும்வரை சொல்கிறேன். நடுவில் யாரும் எழுந்து போகக்கூடாது. போனால் தனியாகத்தான் போகவேண்டும், சொல்லிவிட்டேன்.

என் நண்பன் கலையரசனின் மச்சான் இளவழகனுக்கு நடந்தது இது. போன கார்த்திகை தீபத்தன்று. மாலை ஆறு மணி தாண்டிவிட்டது... ஜவ்வாது மலையிலிருந்து போளூருக்கு இறங்கும் ரோடு. மழை தூறி ஓய்ந்திருந்தது. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. பைக்கில் இளவழகன், அவருக்கு முன்னால் டேங்க் மேல் ஏழு வயது மகள் பூவிழி. மலைமேல் ஒரு வீட்டில் மோட்டார் ரிப்பேர் பார்க்கப் போனவர், லீவு நாளாயிற்றே என்று மகளையும் கூட்டிப் போயிருந்தார்.

அவள் மடியில் ஒரு மாவளி. காலையில் போளூர் கடைத்தெருவில் அடம்பிடித்து வாங்கியது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பனம்பூவைச் சுட்ட கரியைத் துணியில் இறுக்கிச் சுருட்டி, பிளந்த பனைமட்டைக்குள் வைத்துக் கட்டி, நீளமாக ஒரு கயிறு. நெருப்பு வைத்துத் தலைக்கு மேலே போய்க் கால் பக்கம் இறங்கும்படி சுழற்றினால், பொறி பூவாகக் கொட்டும்.

ஒரு வளைவில் மரங்கள் விலகின. தூரத்தில், இருட்டுக்கு மேலே ஒரு சிவப்புப் பொட்டு. அண்ணாமலையார் தீபம்.

"யப்பா, தீபம் ஏத்திட்டாங்க. இங்கயே சுத்துப்பா. நாம வூட்டுக்குப் போறதுக்குள்ள எல்லாரும் சுத்தி முடிச்சிடுவாங்க."

மகள் கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷன். நிறுத்தினார். தீப்பெட்டி நமுத்துப்போயிருந்தது. பார்த்தால்... வளைவின் கைப்பிடிச் சுவர்மேல் ஒரு அகல் எரிகிறது. பக்கத்தில் வாழையிலைத் துண்டில் பொரி உருண்டை. சின்னதாக ஒரு கண்ணாடி வளையல்.

எங்கள் பக்கம் மாவளிக்கு அவரவர் வாசல் விளக்கில்தான் நெருப்பு எடுப்போம். அடுத்த வீட்டு விளக்கில்கூட எடுக்கமாட்டோம். அதுவும் செத்துப்போன பிள்ளைக்கு யாரோ வைத்த விளக்கில்... இளவழகனுக்கு இது தெரியாதா? தெரியும். நெருப்பில் என்ன பேதம் என்று நினைத்தாராம். எனக்கு இன்றைக்கும் அந்த மனுஷன்மேல் கோபம் வருகிறது.

சுற்றினார். விர்ர்... விர்ர்... கரி வாசனை. பொறி பறந்தது. பூவிழி கைதட்டினாள்.

மாவளி சுற்றியவர்களுக்குக் கை சொல்லும். கீழே வரும்போது தோளைப் பிடுங்கும். மேலே போகும்போது கயிறு கையில் இருப்பதே தெரியாது. அங்கே வேகம் குறைந்தால் போச்சு. கயிறு துவண்டு நெருப்பு தலையில் விழும்.

அவருக்கு அது மாறிப்போனது. கீழே வரும்போது கனமே இல்லை... யாரோ அடியில் கையேந்தித் தாங்குவதுபோல. மேலே போகும்போது இழுத்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் இழுப்பு கூடியது. குதிகால் தரையைவிட்டு எழும்பியது. நிறுத்தப் பார்த்தார். கை நிற்கவில்லை. பக்கத்தில் பிள்ளை நிற்கிறாள், நெருப்பு அவள்மேல் விழுந்துவிடுமோ என்று இடது கையால் அவளைப் பின்னால் தள்ளினார்.

அப்புறம் சத்தம் போய்விட்டது. நெருப்பு சுற்றுகிறது, சத்தம் மட்டும் இல்லை. கரி வாசனையும் போய்... வெல்லப்பாகு வாசனை.

"யப்பா," என்றாள் பூவிழி. அவரைப் பார்க்கவில்லை. நெருப்பு உச்சிக்குப் போகும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவளும் சுத்தணுமாம். கைய விடமாட்டேன்றா."

கயிற்றை உதறிவிட்டு மகளை வாரிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வண்டிக் கண்ணாடியில் தெரிந்தது. சுவருக்கு அந்தப்பக்கம், கால் வைக்க இடமில்லாத பள்ளத்துக்கு மேலே, நெருப்பு வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

வீட்டில் அவர் மனைவி கவியா விளக்கு வைத்துவிட்டுக் காத்திருந்தாள். தூங்கிப்போயிருந்த மகளை வண்டியிலிருந்து தூக்கினாள்.

"இன்னாங்க இது, புள்ள கனமே இல்ல. மத்தியானம் எதனா துன்னாளா?"

 கவியா பிள்ளையைத் தோளில் சாய்க்க இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். தோளைத் தாண்டியதும்... பிள்ளை நிற்கவில்லை. மேலே போகப் பார்த்தது. கவியாவின் இரண்டு கையும் பிள்ளையோடு சேர்ந்து மேலே போயின. இளவழகன் ஓடிவந்து பிடித்து இறக்கினார். பூவிழி கண்ணைத் திறக்கவே இல்லை. தூக்கத்தில் யாருடனோ சிரித்தாள்.

அன்றிலிருந்து கவியா தன் முந்தானையை மகளின் இடுப்பில் முடிந்துகொண்டுதான் படுக்கிறாள். விடிந்ததும் கத்தரிக்கோல் எடுத்து வந்து வெட்டுகிறார்கள். கையால் அவிழ்க்க முடியாதபடி முடிச்சு இறுகியிருக்கிறதாம்.