எட்டாவது கொக்கி

கதவை இழுத்துச் சாத்துங்கள், குளிர் உள்ளே வருகிறது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பேய்க் கதையா என்று இளிக்காதே, க்னுட். நவம்பரில் சூரியனே தலைகாட்டாத நம் ஊரில் மத்தியானம் ஏது? ஜன்னலைப் பார். கும்மிருட்டு. இன்னும் நெருங்கி உட்காருங்கள்.

எனக்கு நடந்ததில்லை இது. என்னோடு இரண்டு கோடை கப்பலில் சமைத்த ஓட்வாரின் தங்கை சுன்னிவாவுக்கு நடந்தது. ஓட்வார் கதை விடுகிற ஆள் இல்லை.

ஆகஸ்ட் கடைசி. பிற்பகல் மூன்று மணி... வடதுருவத்துக்குப் பக்கத்து ஸ்வால்பார்ட் தீவுகளின் வடக்கே, கோடை முழுவதும் நாலு கப்பல்கூட எட்டிப் பார்க்காத ஒரு குடா. அங்கே ஒரு பாய்மரக் கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. கப்பலில் கேப்டன் தோர்கெய்ர் மட்டும். கரையில் எட்டுப் பேர். வால்ரஸும் பனியாறும் பார்க்க வந்த விருந்தாளிகள் ஆறு பேர், வழிகாட்டி சுன்னிவா, அவள் புருஷன் ஐவிந்த். ஐவிந்துக்குத் துப்பாக்கியோடு மேட்டில் நின்று கரடி வருகிறதா என்று பார்க்கிற வேலை. எல்லாரும் படகில் ஏறிய பிறகுதான் அவன் ஏறுவான்.

அன்று காலையில்தான் மழமழவென்று சவரம் செய்திருந்தான். சுன்னிவா விடவில்லை. "யாருக்காக இந்த மினுமினுப்பு? கரடிக்கு முத்தம் குடுக்கப் போறியா?" என்றாள். "நீதான் குத்துது குத்துதுன்னே. இப்ப தொட்டுப் பாரு" என்று கன்னத்தைக் காட்டினான். தொட்டுப் பார்த்தாள். அந்தக் கன்னத்தை மறந்துவிடாதீர்கள்.

கரையில் வேட்டைக்காரன் குடிசை ஒன்று, கூரை பாதி போய்க் கிடந்தது. பக்கத்தில் கல் குவித்த ஒரு சமாதி. வேட்டைக்காகக் குளிர்காலம் முழுக்கத் தங்க வந்தவனுடையது. வசந்தத்தில் கூட்டிப் போக வருகிறோம் என்று சொன்ன கப்பல் வரவே இல்லை, பட்டினி கிடந்தே செத்தான். விருந்தாளிகள் அங்கே காப்பி குடித்தார்கள். ஐவிந்த் சமாதியைப் பார்த்து, "நூறு வருஷமா காத்துக் கெடக்கான், பாவம். இடம் இருந்தா ஏத்திக்கிட்டுப் போயிருப்பேன்டா தம்பி" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அந்த வாய்தான்... போகட்டும்.

திடீரென்று பனியாறு உடைந்தது. மலையே முறிகிற மாதிரி சத்தம். கட்டி கட்டியாகப் பனி குடாவின் குறுகிய வாயை நோக்கி நகர ஆரம்பித்தது, கூடவே மூடுபனி. "இப்பவே வாங்க! அடைச்சிருச்சுன்னா சிக்கிருவோம்!" என்று ரேடியோவில் கத்தினார் தோர்கெய்ர்.

எல்லாரும் தொப்பியும் மப்ளரும் சுற்றி, கண் மட்டும் தெரிய, ரப்பர் படகில் ஏறினார்கள். கடைசியாக ஒருவன் மேட்டிலிருந்து இறங்கி வந்து, ஐவிந்த் எப்போதும் உட்காருகிற முன்பக்கத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். துப்பாக்கி எங்கே என்று கேட்கச் சுன்னிவாவுக்குத் தோன்றவில்லை.

இனி அவள் செய்த தப்பு. கப்பலில் வேலை செய்கிற நாம் எல்லாரும் தினமும் செய்வதுதான். முகத்தையா எண்ணுகிறோம்? படகிலிருந்து கப்பலுக்கு ஏறியதும் அவரவர் கழற்றி மாட்டுகிற மிதவைச் சட்டைகளை எண்ணுகிறோம். மேல்தளத்தில் எட்டுக் கொக்கி, நம்பர் போட்ட எட்டுச் சட்டை. நிறைந்திருந்தால் எல்லாரும் வந்தாயிற்று. அவள் பார்த்தாள். எட்டாவது கொக்கியில் சட்டை சொட்டச் சொட்டத் தொங்கியது. "எட்டு! கிளப்புங்க!" என்றாள்.

குடாவின் வாயைத் தாண்டினார்கள். பின்னாலேயே பனி அடைத்துக்கொண்டது. சுன்னிவா புருஷனுக்கு சூப் எடுத்துக்கொண்டு தங்கள் அறைக்குப் போனாள். அவன் போர்வையைத் தலைவரை இழுத்துச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். "பூட்ஸைக் கழட்டிட்டுப் படுக்கக் கூடாதா?" என்றாள். சூப்பைக் கீழே வைத்தாள். பழைய கடல்நாய்க் கொழுப்பு நாற்றம் அடித்தது, வேட்டைக்காரக் குடிசைகளில் அடிக்கிற மாதிரி.

இடுப்பில் ரேடியோ கரகரத்தது.

"சுனி... என்னை விட்டுட்டு ஏன் போறீங்க?"

ஐவிந்தின் குரல்.

"மேட்டுல நின்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். எட்டுப் பேர் ஏறுனீங்க. நான் இங்க இருக்கேனே... அது யாரு?"

போர்வையை இழுத்தாள். ஈரப் படுக்கை. நடுவே ஓர் ஆள் அளவுக்குப் பள்ளம். வேறு ஒன்றுமில்லை.

தோர்கெய்ர் கப்பலைத் திருப்பி மூன்று முறை பனியில் மோதிப் பார்த்தார். வழி கிடைக்கவில்லை. மூடுபனி விலகும்வரை ஹெலிகாப்டர் பறக்காது என்றார்கள் மீட்புக்காரர்கள். "வந்துருவோம்டா, குடிசைக்குள்ள இரு" என்று அழுதுகொண்டே சொன்னாள்.

இருபது நிமிஷம் கழித்து அவன் கூப்பிட்டான். "சுனி, ஏன் இப்படி இருட்டிப் போச்சு?" ஆகஸ்ட் மாதம், சாயங்காலம் ஐந்து மணி... அங்கே கோடையில் ராத்திரிகூட இருட்டாது; கப்பலில் வெளிச்சத்தில் கண் கூசியது. அவள் வாய் திறப்பதற்குள், "எத்தனை நாளா கூப்பிடுறேன்? ஏன் பேச மாட்டேங்கிற? நீயும் வரமாட்டியா?" என்றான். குரல் கிழவன் குரல் மாதிரி இருந்தது. அவள் கத்தினாள், கெஞ்சினாள். அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கரகரப்பும் நின்றது.

ஒன்பது மணி நேரம் கழித்து மூடுபனி விலகியது. ஹெலிகாப்டரில் சுன்னிவாவும் போனாள். குடிசை மூலையில் ஐவிந்த் மடங்கி உட்கார்ந்திருந்தான். செத்திருந்தான். உடம்பில் அவனுடைய எட்டாம் நம்பர் மிதவைச் சட்டை. கப்பலில் சொட்டிக்கொண்டிருந்ததும் எட்டாம் நம்பர்தான். காலையில் ஆறு வாஃபிள் தின்றவன்... வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. பல மாதப் பட்டினி என்றார் டாக்டர்.

"அப்ப கப்பல்ல ஏறினவன்?" என்று கேட்காதே, க்னுட். அந்தக் கப்பல் இந்தத் துறைக்குத்தான் வந்து சேர்ந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சுன்னிவா அவன் தலையை மடியில் எடுத்து வைத்தாள். காலையில் தொட்ட அதே கன்னத்தைத் தடவிப் பார்க்கக் கையைக் கொண்டுபோனாள்.

கன்னம் தட்டுப்படவில்லை... நெஞ்சுவரை தாடி.